கூடாரம் அடிக்க ஓர் இடம்

சித்திரை பிறந்து விட்டால் எங்கள் நெமிலிச்சேரியில் இரண்டு விஷயங்களைப் பற்றித்தான் பேச்சு. ஒன்று, வீட்டு போரில் தண்ணீர் வருகிறதா, வெறும் காற்று வருகிறதா என்பது. மற்றொன்று, பள்ளிக்கூட விடுமுறைக்குக் குழந்தைகளை எங்கே அழைத்துப் போவது என்பது. முதல் விஷயத்துக்கு என்னிடம் ஒருவரும் யோசனை கேட்பதில்லை. கேட்டுப் பயனில்லை என்று தெரியும். இரண்டாவதற்குக் கேட்கிறார்கள். கதை எழுதுகிறவன் நாலு இடம் சுற்றினவனாய் இருப்பான் என்று ஒரு நம்பிக்கை. கதையில் ஓர் அருவியை விழ வைப்பவனுக்கு, நிஜ அருவிக்குப் போக எந்த பஸ்ஸில் ஏற வேண்டும் என்பதும் தெரிந்திருக்கும் அல்லவா?

சென்ற கோடையில் கேள்வி சற்று மாறி வந்தது. ஊட்டியா, ஏற்காடா என்று யாரும் கேட்கவில்லை. "கூடாரம் அடித்துத் தங்குவதற்கு நல்ல இடம் எது? பார்க்க அழகாய் இருக்க வேண்டும்" என்று கேட்டார்கள். கேட்டவன் என் தம்பி மகன். அம்பத்தூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். மூன்று கூடாரங்களை ஏற்கெனவே வாங்கி மாடியில் விரித்தும் பார்த்து விட்டான். இடம்தான் பாக்கி. மாப்பிள்ளைக்குப் பட்டு வேஷ்டி எடுத்தாகி விட்டது, இனிமேல்தான் பெண் பார்க்க வேண்டும் என்கிற மாதிரி.

எங்களுக்கு அடுத்த ரயில் நிலையம் திருநின்றவூர். பூசலார் நாயனாரின் ஊர். கையில் காசில்லாத அந்த மனிதர், கல்லும் மரமும் தச்சரும் எல்லாம் மனத்திலேயே சேர்த்து, மனத்திலேயே நாள் குறித்து, மனத்திலேயே கோயில் கட்டி முடித்தார். காஞ்சியில் கற்றளி எழுப்பிய பல்லவ மன்னன் கூட அவருக்காகத் தன் கும்பாபிஷேக நாளைத் தள்ளி வைக்க வேண்டியதாயிற்று என்பது பெரியபுராணக் கதை. அடுத்த ஊர்க் காற்று எங்கள் மேலும் கொஞ்சம் வீசும் போலிருக்கிறது. ஏப்ரல் மாதம் முழுவதும் நாங்கள் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மனத்திலேயே கூடாரம் அடித்துக் கொண்டிருந்தோம். ஏலகிரியில் ஒரு நாள் அடித்தோம். தடா அருவிக் கரையில் ஒரு நாள். பழவேற்காட்டு மணலில் ஒரு நாள். செலவில்லாத பிரயாணம், ஆனால் பூசலாரின் கோயிலைப் போல ஒன்றாவது முடிந்தபாடில்லை.

பையன் கைப்பேசியில் படங்களைக் காட்டினான். மலை விளிம்பில் ஆரஞ்சு நிறக் கூடாரம் ஒன்று, கீழே மேகம், கூடார வாசலில் இரண்டு கால்கள். ஓடைக்கு நடுவே மணல் திட்டில் ஒரு கூடாரம். ஏரித் தண்ணீர் தொட்டுக் கொண்டிருக்க ஒரு கூடாரம்.

"பெரியப்பா, இந்த மாதிரி ஒரு எடம் சொல்லுங்க. காலையிலே கண்ணு முழிச்சா இப்படித் தெரியணும்."

"படத்தை எத்தனை மணிக்கு எடுத்திருப்பான்?"

"சூரியோதயத்துக்கு எடுத்திருப்பான். ஆறு மணி."

"அதற்கு முன்னால் பதினொரு மணி நேரம் என்ன செய்திருப்பான்?"

பையன் சிரித்தான். ஆனால் விஷயம் அதில்தான் இருக்கிறது. கூடாரம் என்பது ராத்திரிக்கான வீடு. பகலில் அதற்குள் ஒருவரும் இருக்க முடியாது. வைகாசி வெயிலில் அந்தத் துணிப் பெட்டிக்குள் உட்கார்ந்தால் இட்லி வேகும். இரவிலோ, உள்ளே படுத்திருப்பவனுக்கு மலையும் தெரியாது, மடுவும் தெரியாது. தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் துணி தெரியும். அப்படியிருக்க, அழகான இடத்தின் மேலேயே கூடாரத்தைக் கொண்டு போய் நிறுத்துவானேன்? அழகான இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, நடந்து போய்ப் பார்க்கிற தூரத்தில் நிறுத்தினால் போதாதா? மலை விளிம்பில் நிறுத்திய கூடாரத்துக்குக் காற்றும் இடியும் முதல் விருந்தாளிகள். ஓடை மணலில் நிறுத்தியதற்கு வெள்ளம்.

இது ஒன்றும் என் கண்டுபிடிப்பு அல்ல. நம்முடைய தேசத்தில் கூடாரத்தோடு அதிகம் அலைந்தவர்கள் வெள்ளைக்காரக் கலெக்டர்கள். ஜமாபந்திக்கும் சர்க்கீட்டுக்கும் மாதக் கணக்கில் வெளியூரிலேயே இருந்தார்கள். "துரை கேம்ப்பில் இருக்கிறார்" என்ற பேச்சு அதிலிருந்துதான் வந்து, சுதந்திரத்துக்குப் பிறகும் வெகு காலம் தாலுகா ஆபீஸ்களில் நிலைத்தது. அவர்கள் எங்கே தங்கினார்கள்? மலை விளிம்பிலா? இல்லை. ஊருக்குப் பக்கத்து மாந்தோப்பில், கிணற்றடியில் தங்கினார்கள். அந்த வழக்கம் அவர்களுக்கு எவ்வளவு பிடித்துப் போயிற்று என்றால், நம்முடைய 'தோப்பு' என்ற சொல்லையே இங்கிலீஷில் 'டோப்' என்று சேர்த்துக் கொண்டார்கள். அவர்களுக்கு முன்னால் நம்மவர்கள் இதில் சளைத்தவர்களா என்ன? சங்க நூலான முல்லைப்பாட்டைப் படித்தவர்களுக்கு, அரசன் பாசறை அமைத்த விதம் நினைவிருக்கும். காட்டாறு பக்கத்தில் ஓடுகிற விசாலமான வெளி; புதரை வெட்டி ஒதுக்கியது; சுற்றிலும் முள்வேலி. 103 அடிகளே உள்ள பாட்டில் இத்தனை விவரத்துக்கு இடம் கொடுத்திருக்கிறார் நப்பூதனார்.

சரி, எங்கள் பட்டியலுக்கு வருகிறேன்.

ஏலகிரியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சுமார் 1,100 மீட்டர் உயரம், ஜோலார்பேட்டைக்குப் பக்கம், ஏறுகிற பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் புலவர்கள், வள்ளல்கள் பெயர். பாரியையும் கம்பரையும் சுற்றிச் சுற்றி ஏறும் போது எனக்கென்னவோ தமிழ்ப் பரீட்சைக்குப் போகிற மாதிரியே இருக்கும். நல்ல ஊர்தான். ஆனால் மே மாதத்துச் சனி, ஞாயிறுகளில் அங்கே கூட்டம் நெருக்கும். கூட்டத்துக்கு நடுவே கூடாரம் அடிப்பதற்கு நெமிலிச்சேரி ஸ்டேஷன் பிளாட்பாரமே போதும், டிக்கெட்டும் மலிவு. அது தவிர, தனியார் நடத்துகிற 'கேம்ப்பிங்' இடங்கள் இப்போது எல்லா மலையிலும் வந்து விட்டன. பத்துக் கூடாரம் வரிசையாய், நடுவில் நெருப்பு, பன்னிரண்டு மணி வரை ஒலிபெருக்கி. கல்யாண மண்டபத்துக்குக் கூரை இல்லாமல் செய்து விட்டால் அப்படித்தான் இருக்கும்.

தடா அருவி கொஞ்சம் யோசனைக்கு உரியது. உப்பலமடுகு என்று ஆந்திர எல்லைக்குள் இருப்பது. எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு அதன் மேல் தனி ஆசை. வண்டியை எடுத்தால் காலையில் போய்ச் சேர்ந்து விடலாம். பாறைக்கு நடுவே பளிங்கு மாதிரித் தண்ணீர் ஓடுகிற ஓடைகள் அந்த மலைகளில் நிறைய. மணல் திட்டும் இருக்கும். மெத்தை போலத் தோன்றும். அந்த மெத்தையை விரித்தது யார் என்று மட்டும் யோசிக்க வேண்டும். விரித்தது வெள்ளம்; இஷ்டப்பட்டால் வந்து சுருட்டிக் கொண்டும் போகும். கோடை மழைக்கு ஒரு குணம் உண்டு. மலை உச்சியில் ஒரு மணி நேரம் கொட்டு கொட்டென்று கொட்டும். அடிவாரத்தில் ஒரு துளி இராது, நட்சத்திரம் கூடத் தெரியும். அப்புறம்தான் தண்ணீர் வரும். இப்படிப்பட்ட ஓடையில் இறங்குகிறவர்கள் முதலில் தண்ணீரைப் பார்க்கக் கூடாது. கரை மரங்களைப் பார்க்க வேண்டும். கிளையிடுக்குகளில் சருகும், கந்தலும், பிளாஸ்டிக் பையும் சிக்கித் தொங்குகிறதா? அது எவ்வளவு உயரத்தில் தொங்குகிறது? சில இடங்களில் நம் தலைக்கு மேலே தொங்கும். போன தடவை தண்ணீர் போன மட்டம் அது. யாரும் அளவுகோல் நட்டு வைக்காத இடத்தில் ஆறு தானே எழுதி வைத்த கணக்கு.

அடுத்தது மேற்குத் தொடர்ச்சி மலை. கொழுக்குமலை என்று பையன் ஆரம்பித்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து அவனே, "குரங்கணி... இல்லே?" என்றான்.

2018-ஆம் வருஷம் மார்ச் 11-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டத்தில் கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்குகிற சரிவில் மலையேறப் போன இரண்டு குழுக்கள் காட்டுத்தீயில் அகப்பட்டுக் கொண்டன. 23 பேர் இறந்தார்கள். சென்னையிலிருந்து போன பெண்கள் பலர் அதில் இருந்தார்கள். அந்தச் சரிவைப் போல அழகான சரிவு நம் நாட்டில் சிலதான் இருக்கும். மார்கழியில் பச்சையாய் இருக்கிற ஆளுயரப் புல் பங்குனியில் காய்ந்து வைக்கோலாகி விடுகிறது. நெருப்பு சமதரையில் நடக்கும். மேடு கண்டால் ஓடும். மேலே இருப்பவர்களை அது துரத்துகிற வேகத்துக்கு மனிதக் கால் ஈடு கொடுக்காது. அந்த வருஷமே தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்கென்று தனியாக விதிகள் செய்தது. பிறகு 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளை வகுத்து, முன்பதிவும் வழிகாட்டியும் வைத்து வனத்துறையே நடத்தத் தொடங்கியிருக்கிறது. பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை தீப்பருவம் என்று பாதைகளை மூடி விடுகிறார்கள். "அழகான இடத்தை இப்படிப் பூட்டி வைக்கிறார்களே" என்று சிலர் குறைப்படுவதைக் கேட்டிருக்கிறேன். பூட்டு யாருக்காக என்பதை 23 வீடுகளில் கேட்டால் சொல்லுவார்கள்.

இந்த இடத்தில்தான் எதிர் வீட்டு அம்மாள் பேச்சில் புகுந்தாள். கணவர் மஸ்கட்டில் வேலையாயிருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். மகள் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்தவள். பரீட்சை முடிந்ததும் கூடாரத்துக்குப் போகலாம் என்று அந்தப் பெண்ணுக்கும் அவள் சிநேகிதிகள் இருவருக்கும் என் தம்பி மகனின் தங்கை வாக்குக் கொடுத்திருந்தாள். அந்த அம்மாள் தினமும் வாசலில் கீரை ஆய்ந்தபடி எங்கள் சம்பாஷணையைக் கேட்டுக் கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"அண்ணா, எடம் அழகா இருக்குமான்னு நான் கேக்கலை. ராத்திரி ரெண்டு மணிக்கு எம் பொண்ணு எழுந்தா எங்கே போவா? அதை மட்டும் சொல்லுங்க."

திண்ணையில் யாரும் பேசவில்லை. பையன் கைப்பேசியைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். ஐம்பது படமாவது இருக்கும். ஒரு படத்திலும் கழிப்பறை இல்லை.

"பொதர் மறைவுதான்... எல்லாரும் அப்படித்தான் போறாங்க" என்றான் மெதுவாக.

"எல்லாரும்னா யாரு? பசங்களா?"

வழக்கமாக இந்தக் கேள்விக்கு ஒரு சுலபமான தீர்வு உண்டு. பையன்கள் போகட்டும்; பெண்கள் அடுத்த தடவை பார்த்துக் கொள்ளலாம் என்பது அது. அந்த அடுத்த தடவைக்குள் பெண்ணுக்குப் பிளஸ் டூ வந்து விடும், அப்புறம் காலேஜ், அப்புறம் கல்யாணம். இந்தத் தேசத்தில் எத்தனை பெண்களின் பிரயாணங்கள் ஒரு கழிப்பறைக் கதவு இல்லாததால் நின்று போயிருக்கின்றன என்று யாராவது கணக்கெடுத்தால் நல்லது. பையனின் சிநேகிதன் ஒருவன் அந்தத் தீர்வையே சொன்னான். எதிர் வீட்டுப் பெண் ஒன்றும் பேசாமல் உள்ளே போய் விட்டாள். அவள் போன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. பழகிப் போனவள் மாதிரிப் போனாள்.

"நான் வேண்டாம்னு சொல்லலை அண்ணா. அவங்க அப்பா அங்கேருந்து போன்லே கேப்பாரு. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா ஊருக்கெல்லாம் நான்தானே பதில் சொல்லணும்?" என்றாள் தாயார்.

ஆக, மனக்கோயிலை இடித்து விட்டு மறுபடி அஸ்திவாரத்திலிருந்து ஆரம்பித்தோம். அழகு என்ற வார்த்தையைப் பட்டியலின் தலையிலிருந்து எடுத்துக் கடைசியில் போட்டோம். ராத்திரியில் பெண்கள் பயமின்றிப் போய் வர ஒரு கதவுள்ள அறை. குடிக்கத் தண்ணீர். பாம்பு கடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரி. யாருடைய இடம், அவர் சம்மதித்தாரா என்பது. வெள்ளம், தீ இரண்டும் எட்டாத தரை. இவ்வளவும் இருக்கும் இடத்திலிருந்து நடக்கிற தூரத்தில் கண்ணுக்கு இதமாய் ஏதாவது இருந்தால் சந்தோஷம்.

இப்படிக் கேள்வியைத் திருப்பிப் போட்டதும், தூரத்தில் தேடிக் கொண்டிருந்தது பக்கத்தில் வந்து விட்டது. எங்கள் திருவள்ளூர் மாவட்டத்திலேயே பூண்டி இருக்கிறது. கொசஸ்தலை ஆற்றை மறித்து 1944-இல் கட்டி முடித்த நீர்த்தேக்கம். மேயராயிருந்து அதற்கு அடிகோலிய சத்தியமூர்த்தி, முடிந்ததைப் பார்க்க இருக்கவில்லை. பெயர் மட்டும் அவர் பெயராய் இருக்கிறது. அதற்கு அப்பால் அல்லிக்குழி மலை. அந்த மலைக்குள் குடியம் குகை. குகை என்றால் இருட்டுப் பொந்து அல்ல. பாறை வளைந்து முன்னால் கவிந்து பெரிய தாழ்வாரம் போல் நிற்கும். மலையேற்றப் பாதைகளின் பட்டியலில் குடியமும் ஒன்று. முன்பதிவு செய்து கொண்டு வழிகாட்டியோடு பகலில் போய் வரலாம். காப்புக் காடு; ராத்திரி தங்குகிற பேச்சுக்கு இடமில்லை.

குடியத்துக்குப் பக்கத்தில் அத்திரம்பாக்கம். 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியல் அறிஞர் முதலில் பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். அதே வருஷம் கிங் என்ற சகாவோடு அத்திரம்பாக்கத்திலும் கண்டெடுத்தார். பின்னாளில் சாந்தி பப்புவும் அவர் குழுவினரும் அங்கே பல ஆண்டுகள் அகழ்ந்து ஆராய்ந்து, 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். அந்தக் கருவிகளில் பழையவை சுமார் 15 லட்சம் வருஷத்தவை. நெமிலிச்சேரியிலிருந்து ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர் தூரத்தில், பதினைந்து லட்சம் வருஷத்துக்கு முன்னால் யாரோ வந்து தங்கியிருக்கிறார்கள்!

அத்திரம்பாக்கத்துக்கு நான் முன்பே ஒரு தடவை போயிருக்கிறேன். பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை என்று சொன்னால் கோபிக்காதீர்கள். முள்ளும், செம்மண்ணும், மழை அரித்த ஓடைகளும்தான். ஆனால் கற்கருவிகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தது அந்தப் பொட்டல் வெளியில். பக்கத்தில் ஆறு, கருவி செய்யத் தோதான கூழாங்கல், தண்ணீர் குடிக்க வருகிற மிருகங்கள். குடியத்தில் அத்தனை கம்பீரமான பாறை இருந்தும், நாள் முழுக்க வேலை நடந்த இடம் இதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. பொழுது சாயும் நேரத்தில் குடியத்துப் பாறையை அவர்களும் ஏறிட்டுப் பார்த்திருப்பார்கள். ரசிக்கத் தெரியாதவர்கள் என்று அவர்களைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை; அவர்கள் செய்த கோடரிகளின் இரு பக்கமும் அத்தனை ஒழுங்கு.

ஊத்துக்கோட்டைச் சாலையில் என் சிநேகிதர் ஒருவருக்கு ஒரு மாந்தோப்பு உண்டு. ஆவடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மோட்டார் கொட்டகையும் அதை ஒட்டிக் கதவு, தாழ்ப்பாள், விளக்கு எல்லாம் உள்ள கழிப்பறையும் கட்டி வைத்திருக்கிறார். தோப்பிலிருந்து அரை மணி நடந்தால் நீர்த்தேக்கம் தெரியும். கேட்டதும் சரி என்றார். ஆனால் அவர் சரி என்றால் மட்டும் ஆகாது. காய்ப்புக் காலத்தில் தோப்பு குத்தகைக்காரர் கையில் இருக்கும். காவல்காரரிடம் சொல்லாமல் ராத்திரி உள்ளே நுழைந்தால் மாங்காய்த் திருடன் என்றுதான் அர்த்தம். குத்தகைக்காரரிடமும் பேசினோம். "பழம் பறிக்காம இருந்தா சரி, வெலைக்கு வேணும்னா நானே தர்றேன்" என்றார். நியாயமான மனிதர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இடம் பார்க்கப் போனோம். நான், என் தம்பி மகன், எதிர் வீட்டு அம்மாள் மூவரும். முதலில் பையனுக்காக நீர்த்தேக்கத்தின் கரைக்குப் போனோம். மாலை வெயிலில் தண்ணீர் தகடாய்க் கிடந்தது. கொக்குகள். அவன் முகம் மலர்ந்து, "இங்கேயே அடிச்சிடலாம் போலிருக்கே!" என்றான்.

அந்த அம்மாள் காலால் தரையைத் தட்டினாள். வெடித்த களிமண் தட்டுத் தட்டாய்ப் பெயர்ந்தது.

"தம்பி, நாம கரையிலே நிக்கலை. ஏரிக்குள்ளே நிக்கறோம். தண்ணி கொறைஞ்சிருக்கு, அவ்வளவுதான்."

பொதுப்பணிக்காரர்கள் அங்கே இரவில் தங்க விடவும் மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

பிறகு தோப்பு. இங்கேதான் எனக்கு ஆச்சரியம் காத்திருந்தது. நான் புத்தகத்திலிருந்தும் பையன் கைப்பேசியிலிருந்தும் ஒரு மாதம் சேர்த்த ஞானத்தை எல்லாம் அந்த அம்மாள் பத்து நிமிஷத்தில் ஓரங்கட்டி விட்டாள். நல்ல அடர்ந்த மரத்தடி ஒன்றை நான் காட்டினேன். அவள் அண்ணாந்து பார்த்து, இலைகளை ஒட்ட வைத்துக் கட்டிய முசுறுக் கூட்டைக் காட்டினாள். "ராத்திரி பூரா மேலே கொட்டும் அண்ணா." அடுத்த இடத்தில் பக்கத்தில் புற்று. அதற்கடுத்ததில் தரை பள்ளம். மழை வந்தால் தேங்கும். வேலியோரத்துப் பனை மரத்தின் கீழ் வேண்டாம். காற்றடித்தால் காய்ந்த மட்டை விழும். தோப்புக்கு வெளி ஓரமாய், வரப்பை ஒட்டி, கொஞ்சம் மேடாய், மரம் தலைக்கு மேல் கவியாத ஓர் இடத்தில் வந்து நின்றாள். குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உதறினாள். காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தாள் போலிருக்கிறது.

"இங்கே படுக்கலாம்."

"இதெல்லாம் உனக்கு எப்படியம்மா தெரியும்?"

திருத்தணிக்குப் பக்கத்தில் அவள் பிறந்த ஊர். சிறு பெண்ணாய் இருந்த போது, வேர்க்கடலை விளைகிற காலத்தில் பன்றிக் காவலுக்குத் தகப்பனாரோடு கொல்லையிலேயே படுப்பாளாம். கோணிச் சாக்கும் ஒரு போர்வையும்தான் கூடாரம். "பெரிய மனுஷி ஆனதும் நிறுத்திட்டாங்க" என்றாள். அதற்கு மேல் அதைப் பற்றி அவள் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

தோப்பில் ஒரே ஓர் ஆபத்து இருந்தது. கைப்பிடிச் சுவர் இல்லாத பழைய பாசனக் கிணறு. கூடாரத்துக்கும் கழிப்பறைக்கும் நடுவே, பாதையிலிருந்து இருபது அடியில் வாயைத் திறந்து கொண்டிருந்தது. காவல்காரரின் உதவியோடு அதைச் சுற்றி முள் அடைத்தோம். முல்லைப்பாட்டின் பாசறைக்கு வேலி போட்டவர்களுக்கும் எங்களுக்கும் அந்த ஒரு மணி நேரம் வித்தியாசமில்லை. கை கிழிந்ததிலும் கூட. பிறகு, கூடார வாசலிலிருந்து கழிப்பறைக் கதவு வரை மரத்துக்கு மரம் கயிறு கட்டி, முழத்துக்கு ஒன்றாய் வெள்ளைத் துணிக் கிழிசல்களை முடிந்தோம். டார்ச் அணைந்து போனாலும் கயிற்றைப் பிடித்துக் கொண்டே போய் வரலாம். இது அந்த அம்மாளின் யோசனை. நல்லதாய் ஒரு பழைய வேஷ்டி, என்னுடையது, இதில் செலவாயிற்று.

மே மாதத்து மூன்றாவது சனிக்கிழமை போனோம். பெண்கள் ஐந்து பேர், ஆண்கள் நான்கு பேர். எதிர் வீட்டு அம்மாளும் வந்தாள். கட்டுச் சோறு: புளியோதரையும் தயிர்ச் சோறும், எலுமிச்சை ஊறுகாயும். சருகு நிறைந்த தோப்பில் அடுப்பு மூட்டுவதில்லை என்று முன்பே முடிவு. விடியற்காலையில் புறப்பட்டு முதலில் குடியம் பார்த்து விட்டு, வெயில் ஏறுமுன் தோப்புக்கு வந்து விட்டோம். பகலெல்லாம் மரத்தடியில் படுத்துக் கிடந்தோம். பழம் விலைக்கு வாங்கித் தின்றோம். சாயங்காலம் நீர்த்தேக்கம் வரை நடந்தோம். ராத்திரி ஒன்பது மணிக்குப் புழுக்கம் தாங்கவில்லை. ஒரு கூடாரத்தின் மேல் துணியைக் கழற்றி எறிந்து விட்டு வலையோடு படுத்தார்கள் பையன்கள். பதினொரு மணிக்கு மேல்தான் கொஞ்சம் காற்று வந்தது.

எனக்குத் தூக்கம் குறைவு. கயிற்றுக் கட்டிலில் விழித்துக் கிடந்தேன். எந்நேரம் என்று தெரியாது. பெண்கள் கூடாரத்தின் ஜிப் இழுபடுகிற சத்தம் கேட்டது. டார்ச் வெளிச்சம் ஒன்று வெள்ளைத் துணிகளைத் தொட்டுத் தொட்டுக் கொண்டு போயிற்று. தாழ்ப்பாள் சத்தம். தண்ணீர்ச் சத்தம். வெளிச்சம் திரும்பி வந்தது. கூடாரத்துக்குள் நுழையவில்லை. வரப்பின் மேல் நின்று அணைந்தது.

"யாரு?" என்றாள் தாயார், இருட்டுக்குள்ளிருந்து.

"நான்தாம்மா."

"உள்ளே வா."

"கொஞ்ச நேரம் இங்கே ஒக்காந்துக்கறேம்மா. நட்சத்திரம் நெறைய இருக்கு."

தாயார் மறுமொழி சொல்லவில்லை. சற்றுப் பொறுத்து ஜிப் மறுபடியும் இழுபட்டது. வரப்பின் மேல் இரண்டு உருவங்கள் உட்கார்ந்திருந்தன. என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. நானும் புரண்டு மறு பக்கம் படுத்துக் கொண்டேன்.

என் தம்பி மகன் எடுத்த படங்களுக்கு அவனுடைய சிநேகிதர்களிடம் அவ்வளவாக வரவேற்பு இல்லையாம். ஒன்றில் கூடாரத்துக்குப் பின்னால் மோட்டார் கொட்டகை விழுந்து விட்டது. இன்னொன்றில் கயிற்றில் என் வேஷ்டிக் கிழிசல்கள். "எந்த ஊர்த் திருவிழா?" என்று ஒருவன் கேட்டிருக்கிறான்.

ஆடி மாதம் ஒரு நாள் எதிர் வீட்டு அம்மாள் கீரையும் கையுமாய் என் திண்ணைக்கு வந்தாள். ஜவ்வாது மலையில் காவலூர் என்று ஓர் ஊரில் நட்சத்திரம் பார்க்கிற பெரிய தொலைநோக்கி இருக்கிறதாமே, மகள் சொல்கிறாள், உண்மையா என்று கேட்டாள். உண்மைதான், வைணு பாப்பு என்ற விஞ்ஞானி வானம் தெளிவாய் இருக்கிற இடமாகத் தேடிப் பிடித்து 1968-இல் அங்கே ஆரம்பித்தது என்றேன். அவரும் ராத்திரிக்காகவே இடம் தேடினவர் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் அடுத்த கேள்வியைக் கேட்டு விட்டாள்.

"அங்கே பக்கத்துலே தெரிஞ்சவங்க தோட்டம் யாருக்காவது இருக்கா அண்ணா? கதவு இருக்கற மாதிரி?"

விசாரித்துக் கொண்டிருக்கிறேன்.